உள்பக்கத் தாழ்ப்பாள்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அந்த அலுவலகத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு குண்டூசிகூட இடம் மாறாது என்பதால் இதுவும் தெரிந்திருந்தது. அவள் கோபப்பட்டதில்லை. "கண்ணாடின்னுதானே சொல்றாங்க, கண்ணு தெரியலன்னு சொல்லலையே" என்று விட்டுவிட்டாள்.

அரசுக் குடியிருப்பில் வீடு கேட்டு மனுப் போடுகிறவர்களை விசாரித்து, 'குடிவைக்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஒரே படிக்கட்டை நாற்பது குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு கோளாறான ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் மற்ற முப்பத்தொன்பது குடும்பங்களுக்கும் நிம்மதி போய்விடும். அதனால் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துவந்தாள். அதற்கென்று சில வழிகள் வைத்திருந்தாள். மனுவில் மூன்று பேர் என்று இருந்தால் வாசலில் எத்தனை ஜோடி செருப்பு என்று எண்ணுவாள். கொடியில் காயும் துண்டுகளை எண்ணுவாள். ஆளைப் பற்றிக் கேட்க மேல்வீட்டுக்குப் போகமாட்டாள், கீழ்வீட்டுக்குத்தான் போவாள். மேலே இருப்பவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது, கீழே இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் நடமாடும் ஒவ்வொரு காலும் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வேறு எங்கெங்கோ பேச்சை இழுத்துக்கொண்டு போய், சரியாக இருபது நிமிடம் கழித்து அதையே மறுபடியும் கேட்பாள். உண்மை இரண்டு தடவையும் ஒரே மாதிரி வரும். பொய் இரண்டாவது தடவை கொஞ்சம் அலங்காரம் செய்துகொண்டு வரும்.

அவள் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஊர் முழுக்க ஹாரன் அடித்தவர், வீட்டில் மட்டும் சத்தம் போடாமல் கேலி செய்வார். "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எங்கம்மாவை மூணு தடவை விசாரிச்சா. மூணாவது தடவை எங்கம்மாவுக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். அவள் சிரிக்கமாட்டாள். மூணு தடவை இல்லை, இரண்டு தடவைதான் என்று திருத்துவாள்.

இந்தச் சந்தேகம் பிறவியிலேயே வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒருவன் மனுப் போட்டான். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு, வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்'. பத்தே நிமிடத்தில் 'குடிவைக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தாள். அவன் குளியலறைக்குள் கேஸ் சிலிண்டர்களை அடுக்கிவைத்து, சின்னச் சின்ன சிலிண்டர்களில் நிரப்பி விற்றுக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவை வெடித்து, பக்கத்து வீட்டுச் சுவரோடு எல்லாம் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப்போன இவளிடம் அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்கதானே அவரைப் பார்த்துட்டு எழுதிக் கொடுத்தீங்க?" பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டு வருகிற எவரையும் அவள் லேசில் விட்டதில்லை.

குடிவர நினைப்பவர் நிரப்பவேண்டிய படிவம் பன்னிரண்டு பக்கம். அரசு வீடுகள் போதாமல் தனியார் வீடுகளையும் அலுவலகம் குத்தகைக்கு எடுக்கத் தொடங்கியபோது, அந்த வீட்டுக்காரர்களையும் விசாரிக்கவேண்டும் என்று வந்தது. அவர்களுக்கு இரண்டே பக்கம். பத்திரம் சரியா, மின்கம்பி மூடியிருக்கிறதா, தீயணைக்கும் கருவி இருக்கிறதா, மாடிப்படிக்குக் கைப்பிடி உண்டா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா. பன்னிரண்டு பக்கம் ஆளைப் பற்றிக் கேட்டது, இரண்டு பக்கம் சுவரைப் பற்றிக் கேட்டது. அந்த இரண்டு பக்கத்தையும் அவள் ஒரு குறையும் இல்லாமல் நிரப்பிவந்தாள்.

தையல்காரியின் மனு அவள் மேஜைக்கு வந்தபோது ஏழாம் பக்கத்திலேயே மூக்கு வியர்த்துவிட்டது. சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை, வயது முப்பத்தாறு, உடன் இருப்பது காது கேட்காத தாய். எல்லாம் சுத்தமாக நிரப்பியிருந்தது. 'முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர், தொலைபேசி எண்' என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. வெற்றுக் கட்டத்தைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"இதை ஏன் விட்டுட்டீங்க?"

"மறந்துட்டேன் மேடம்" என்றாள் தையல்காரி.

"வீட்டுக்காரர் பேரையா?"

"நம்பர் தொலைஞ்சு போச்சு."

"நம்பர் தொலையும். பேர் எங்கம்மா தொலையும்?"

தையல்காரி மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் ஊசி பட்டுப் பட்டுக் காய்த்துப்போயிருந்தன. எவ்வளவு நாள் அங்கே இருந்தீர்கள் என்றதற்கு "கொஞ்ச நாள்" என்றாள். இருபது நிமிடம் கழித்து அதே கேள்விக்கு "ரெண்டு வருஷம்" என்றாள். பூதக்கண்ணாடி பென்சிலை எடுத்தாள்.

அதற்குள் தையல்காரி தன் பங்குக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். "மேடம், வீட்டுக்கு எத்தனை சாவி? யார் யார்கிட்ட இருக்கும்? நாங்க பூட்டை மாத்திக்கலாமா? வாசல்ல பேர் எழுதித்தான் ஆகணுமா?"

குடிவர நினைக்கிறவர்கள் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பார்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். சாவியைப் பற்றி இத்தனை கேள்வி கேட்ட ஆளை அவள் பார்த்ததில்லை. ஓரத்தில் எழுதிவைத்தாள்: சாவி பற்றி மூன்று முறை கேட்டார். பெயர்ப்பலகை வேண்டாம் என்கிறார்.

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனாள். அயர்ன் கடைக்குப் பின்னால் ஒரே அறை. வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை, எல்லாம் உள்ளே. கதவைத் தட்டியதும் திறக்கவில்லை. உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. திறந்தபோது பார்த்தால், கதவுக்கு நேர் பின்னால் ஒரு மர நாற்காலி, அதன் பக்கத்தில் தாய் நின்றிருந்தார். கண்கள் இரண்டும் இவள் கையையே பார்த்தன.

"ஏம்மா, கதவுக்குப் பின்னாடி நாற்காலி?"

"அம்மா அங்கதான் உட்காருவாங்க."

"ஜன்னல் பக்கம் காத்து நல்லா வருதே."

"அவங்களுக்கு அதுதான் பழக்கம் மேடம்."

கட்டிலுக்கு அடியில் துணிப்பை ஒன்று ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. எதையோ மறைக்கிறார்கள், எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்கிறார்கள் என்று அவளுக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. வெளியே வந்து அயர்ன்காரரைக் கேட்டாள். அவர் பெட்டியைச் சட்டையின் காலரில் அழுத்திக்கொண்டே, "நல்ல பொண்ணு மேடம். யாராவது தேடி வந்தா மட்டும், இங்க அப்படி யாரும் இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்கு" என்றார். நல்லவர்களை யார் தேடி வரப்போகிறார்கள்? அவளுக்கு இனி விசாரிக்க ஒன்றுமில்லை போல இருந்தது. ஆனாலும் கட்டத்தை வெறுமையாக விட மனசு வரவில்லை.

கட்டத்தை நிரப்பும் வழி அந்த மனுவுக்குள்ளேயே இருந்தது. தாய்க்குக் காது கேட்காது, ஆபத்து என்று யாராவது கத்தினாலும் தெரியாது, அதனால் கீழ்த்தளம் வேண்டும் என்று ஒரு மருத்துவச் சான்றிதழ் இணைத்திருந்தார்கள். அதில் பழைய விலாசம் இருந்தது. விலாசத்தைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அட, நம்ம குத்தகை வீட்டுக்காரர்!

ஒன்பது அறைகளை அலுவலகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்து, மீதியைத் தானே நேரடியாக வாடகைக்கு விட்டிருந்தவர். இரண்டு தடவை அவளே போய்ப் பார்த்துச் சான்று கொடுத்த கட்டடம். போகும்போதெல்லாம் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். 'அக்கா' என்று மட்டும்தான் கூப்பிடுவார். அவர் சிரித்ததில்லை, தலையைக் குனிந்து பேசுவார். சிரிக்கிறவர்களைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம். தலை குனிகிறவர்களைப் பற்றி யாரும் அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கவில்லை.

போன் போட்டாள்.

"அந்தத் தையல்காரப் பொண்ணா? தங்கமான பொண்ணுக்கா" என்றார் அவர். "ஒரு குறை சொல்ல முடியாது. அம்மாவைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கும். என்ன, திடீர்னு ஒரு நாள் சொல்லாமக் காலி பண்ணிட்டாங்க. ஒரு சாமானை வேற விட்டுட்டுப் போயிட்டாங்க. பத்திரமா வெச்சிருக்கேன். எங்க கொண்டுபோய்க் கொடுக்கட்டும்க்கா?"

"அவங்களுக்கு நாலாம் பிளாக்ல, கீழ்த்தளத்துல ரெண்டாம் நம்பர் வீடு ஒதுக்கப்போறோம். குடிவந்ததும் அங்கேயே கொடுத்துடுங்களேன்."

அலுவலகத்தில் மணி என்ன என்று கேட்டால்கூட 'எதுக்குக் கேக்கறீங்க' என்று திருப்பிக் கேட்பவள் அவள். அன்றைக்கு அந்த விலாசம் வீட்டு மனுஷரிடம் சொல்வதுபோல வாயிலிருந்து சர்வ சாதாரணமாக வந்துவிட்டது.

போனை வைத்த பிறகும் ஒரு கேள்வி அரித்தது. இவ்வளவு நல்லவிதமாகச் சொல்கிற மனிதரின் பேரை அந்தப் பெண் ஏன் மறைக்கவேண்டும்? கேள்வி சரியான கேள்விதான். அதை இன்னும் ஒரு படி பின்தொடர்ந்திருக்கலாம். சொல்லாமல் காலி செய்ததற்கு வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டாள். ஏழாம் பக்கத்தின் கட்டத்தை அழகான கையெழுத்தில் நிரப்பினாள். 'குடிவைக்கலாம், கண்காணிப்பு தேவை' என்று எழுதி மேலே அனுப்பினாள்.

குடிவந்த இருபத்தோராம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் போய்ப் பார்க்கவேண்டும் என்பது நடைமுறை. முன்கூட்டிச் சொல்லக்கூடாது. மூன்று முறை தட்டவேண்டும். ஐந்து நிமிடம் பொறுத்தும் பதில் இல்லாமல் உள்ளே ஆள் இருக்கும் அடையாளம் தெரிந்தால், அலுவலகச் சாவியைப் போட்டுத் திறக்கலாம். காலை பதினொரு மணிக்கு நாலாம் பிளாக்கின் இரண்டாம் நம்பர் கதவின்முன் அவள் நின்றாள். தட்டினாள். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம். மறுபடியும் இரண்டு தடவை தட்டினாள். காது கேட்காத தாய் உள்ளே இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அதைவிட, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பதுதான் பெரிதாகத் தோன்றியது. ஐந்து நிமிடம் ஆனதும் சாவியைப் போட்டுத் திருகித் தள்ளினாள்.

கதவு நகரவில்லை. அந்தப் பக்கம் ஏதோ கனம். தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

அப்போது கேட்ட அலறல் அந்தப் பிளாக் முழுக்கக் கேட்டிருக்கும். தன் குரல் தனக்கே கேட்காத ஒருவர் போடும் அலறல் அது. எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. நாற்காலி சாய்ந்து கிடந்தது. தாய் சுவரோரம் முழங்கால் போட்டு உட்கார்ந்து, துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து இவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் கிடுகிடுவென்று ஆடியது.

"நான் ஆபீஸ்லேர்ந்து வரேன்மா, ஆபீஸ்" என்றாள். கேட்காது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினாள். பலனில்லை. கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல், அவளும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார்கள்.

மருந்துக்கடைக்குப் போயிருந்த தையல்காரி ஓடிவந்தாள். "நீங்களா மேடம்?" என்றவள், தாயின் முன் மண்டியிட்டு அவர் முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டு, தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். கத்தரிக்கோல் மெல்லக் கீழே இறங்கியது.

"அம்மாவுக்குக் காது கேக்காதில்லையா" என்றாள் தையல்காரி. "உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா நான் வந்து தட்டறது கேக்காது, போடலன்னா யாராவது சாவி போட்டுத் தொறந்தா தெரியாது. அதான் கதவுல நாற்காலியைச் சாச்சு உட்கார்ந்துக்கறாங்க. கதவு ஆடினா முதுகுல தெரியும்."

அயர்ன் கடை அறையில் பார்த்த நாற்காலி பூதக்கண்ணாடியின் கண்முன் வந்து நின்றது.

தையல்காரி அலமாரியைத் திறந்து ஒரு சாவியை எடுத்துவந்து காட்டினாள். பித்தளைச் சாவி, சிவப்பு நூல் கட்டியது. "பத்து நாளைக்கு முன்னாடி வேலை முடிஞ்சு வரேன், இது நம்ம கதவுக் கைப்பிடியில தொங்குது. கூட ஒரு துண்டுச் சீட்டு. 'நீங்க விட்டுட்டுப் போன சாமான்'னு எழுதியிருக்கு. இது எங்க சாவி இல்ல மேடம். எங்க சாவியை அவர் வாசல்ல வெச்சுட்டுத்தான் வந்தோம். இது பழைய ரூமுக்கு அவர் வெச்சிருந்த சாவி."

"அவர்னா, வீட்டுக்காரரா?"

"நான் வேலைக்குப் போனப்புறம் வருவார். அம்மா நிமிர்ந்து பார்த்தா நடு வீட்ல நிப்பாராம். ஒண்ணும் பண்ணமாட்டார், நிப்பார். கேட்டா, பைப் ஒழுகுதான்னு பார்க்க வந்தேன்னு சொல்லுவார். அப்புறம் நான் ராத்திரி ஷிப்ட் முடிச்சுப் பகல்ல தூங்கறப்போ வர ஆரம்பிச்சார். கடைசி மாசம் நிக்கறதோட நிறுத்தல." அவள் சாவியை அலமாரிக்குள் திரும்ப வைத்து மூடினாள்.



"நாங்க இங்க வந்தது அயர்ன்காரருக்குக்கூடத் தெரியாது" என்றாள் தையல்காரி. "வேலை பார்க்கற இடத்துலயும் சொல்லல. அவருக்கு யார் சொல்லியிருப்பாங்கன்னு பத்து நாளா மண்டையைப் போட்டுக் குழப்பிட்டு இருக்கேன். உங்க ஆபீஸ்ல யாரோ ஒரு கெட்டவங்க இருக்காங்க மேடம். நீங்கதான் எல்லாரையும் விசாரிக்கறவங்க ஆச்சே. கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்."

பழைய ஆஸ்பத்திரிக் கட்டிலும் கட்டுப் போட்ட இரண்டு கைகளும் நினைவுக்கு வந்தன. அன்றைக்குப் பதில் சொல்லாமல் தப்பித்து வந்தவள் இன்றைக்குத் தப்பிக்க விரும்பவில்லை. வெட்கமாக இருந்தது.

"விசாரிக்க வேண்டாம்" என்றாள். "நான்தான் சொன்னேன்."

தையல்காரி கத்தவில்லை, அழவும் இல்லை. இவள் முகத்தையே பார்த்தாள். அயர்ன் கடை அறையில் அவள் தாய் இவள் கையைப் பார்த்ததுபோல் பார்த்தாள்.

"ஏம்மா எங்கிட்ட முதல்லயே சொல்லல?" அந்தக் கேள்வி தன்னிடமிருந்தா வருகிறது என்று பூதக்கண்ணாடிக்கே கூச்சமாக இருந்தது.

"எங்க எழுதறது மேடம்? வீட்டுக்காரர் எங்களைப் பத்தி என்ன சொல்லுவார்னு உங்க ஃபாரத்துல கேட்டிருந்தது. நாங்க அவரைப் பத்தி என்ன சொல்லுவோம்னு ஒரு கட்டம் இருந்ததா? அதுவும் போக, நீங்க கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிகேட்டை அவர் ஃப்ரேம் போட்டு மாடிப்படிக்கு நேரா மாட்டி வெச்சிருக்கார். தினம் அதைப் பார்த்துட்டேதான் மேல ஏறுவோம்."

பிறகு தையல்காரி கையை நீட்டினாள். "அந்த ஆபீஸ் சாவியைக் கொடுங்க."

கொடுக்கக்கூடாது. எழுதாத விதியில்லை, எழுதியே வைத்திருக்கும் விதி. அவள் வளையத்தைப் பிரித்தாள். நகம் உடைந்தது. சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

அலுவலகம் திரும்பியதும் வீட்டுக்காரரின் கோப்பை எடுத்தாள். எல்லாம் அவள் எழுத்து. முதல் வருகை, இரண்டாம் வருகை. கதவுகள் என்ற தலைப்பின்கீழ் எழுதியிருந்தாள்: 'ஒன்பது அறைகளில் ஏழில் உள்பக்கம் கூடுதல் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டுள்ளது. பாதுகாப்பு மிகவும் திருப்தி.' மிகவும் என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தாள்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்தும் கொண்டாள். எதிர் மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மறுநாள் வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அந்தக் கட்டடத்துக்குப் போனாள். செருப்பு எண்ணவில்லை, துண்டு எண்ணவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரே கேள்வி கேட்டாள். "இந்தத் தாழ்ப்பாளை யார் போட்டது?"

சொல்வதற்கு முன்னால் எல்லாரும் மாடிப்படியை எட்டிப் பார்த்தார்கள். "நாங்கதான்" என்றாள் ஒருத்தி. "என் புருஷன் போட்டுக் கொடுத்துட்டு வேலைக்கு வெளியூர் போனார்" என்றாள் இன்னொருத்தி. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள், தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டே பேசினாள். "தாழ்ப்பாள் போட்டா அவருக்குக் கோபம் வரும். நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் 'பாருங்கக்கா, எவ்வளவு பந்தோபஸ்து'ன்னு அதையே காட்டுவார். நீங்களும் தட்டிப் பார்த்துட்டு எழுதிட்டுப் போவீங்க. அவரும் நீங்களும் ஒண்ணுன்னு நாங்க நெனச்சோம்."

ஆனால் ஒருத்தியும் எழுதிக் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. புகார் படிவம் அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புகார் செய்பவரின் பெயர், தற்போதைய இருப்பிட விலாசம். நகல் ஏழு நாளில் எதிர்த்தரப்புக்குப் போகும். பயப்படுகிறவர்களே தங்கள் விலாசத்தைப் பயப்படவைத்தவருக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் படிவம் அவள் இழுப்பறையில்தான் கிடந்தது.

"புகார்தாரர்னு ஒருத்தர் இல்லாம நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார் மேலாளர். மேஜைமேல் இருந்த காகிதக் கனத்தை உருட்டிக்கொண்டிருந்தார். "தையல்காரி வந்து எழுதிக் கொடுக்கட்டும்."

"அவங்க வேண்டாம். அவங்களுக்கு வேற பிளாக் கொடுங்க. எந்தப் பிளாக்னு கோப்புல ஏத்தாதீங்க. எனக்கும் சொல்லாதீங்க."

"சரி. அப்ப புகார்?"

அவள் படிவத்தை எடுத்து அவர் கண்முன்னாலேயே நிரப்பினாள். புகார்தாரர் பெயர் என்ற இடத்தில் தன் பெயர். எதிர்த்தரப்புடன் உள்ள தொடர்பு என்ற இடத்தில், 'மேற்படி நபருக்கு இருமுறை தவறான நற்சான்று வழங்கியவர். குடியிருப்பவரின் விலாசத்தை அவருக்குத் தெரிவித்தவர்.' மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதை எழுதினா உங்க மேலயே விசாரணை வரும்மா. ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்கு. யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு."

"விலாசமாவது ஆபீஸ் விலாசத்தைப் போடுங்க."

"இருப்பிட விலாசம்னுதானே சார் போட்டிருக்கு" என்றாள். "எல்லாரையும் கட்டத்தை ஒழுங்கா நிரப்பச் சொன்னவ நான்." வீட்டு எண், தெரு, மாடி எல்லாவற்றையும் எழுதினாள். எழுத்து வழக்கம்போலத் தெளிவாக இருந்தது.

விசாரணை முடியும்வரை அவளை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஒன்பது அறைகளின் குத்தகையையும் நிறுத்திவைத்தார்கள். நான்காம் நாள் ஆயாவிடமிருந்து போன் வந்தது. "நீங்களே எழுதிட்டீங்களாமே மேடம்? அப்ப நானும் வரேன். எதிர் ரூம் பொண்ணும் வரேன்னுது." அன்றைக்கு அவள் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா பகல்ல வீட்ல இருக்கா" என்று கணவர் பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நேத்து முழுக்க என்னை நோட்டம் விட்டா. எனக்கு வீடு கொடுக்கலாமா வேண்டாமான்னு இன்னும் எழுதல."

பதினோராம் நாள் காலை, அவர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவள் சமையலறையில் இருந்தாள். வாசல் மணி ஒரே ஒரு தடவை அடித்தது. போய்த் திறந்தாள். யாரும் இல்லை. படிக்கட்டு காலியாக இருந்தது. கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

கனமாக இருந்தது. உள்ளே ஃப்ரேம் போட்ட சான்றிதழ். கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது. அடியில் அவள் கையெழுத்து, அதன்மேல் ஒட்டிய துண்டுச் சீட்டு: 'அக்கா, நீங்க விட்டுட்டுப் போன சாமான்.'

அவள் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டாள். இத்தனை வருடம் ஊராரின் தாழ்ப்பாளை எல்லாம் தட்டிப் பார்த்தவள் தன் வீட்டுத் தாழ்ப்பாளை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தாள். ஒரு திருகாணி இல்லை. மற்றது பாதி கழன்றிருந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்த கணவர் தட்டினார். "நான்தான்" என்று குரல் கொடுத்த பிறகும், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிவிட்டுத்தான் திறந்தாள். அவர் ஏதோ கேலி செய்ய வாயெடுத்தார். மேஜைமேல் கிடந்த ஃப்ரேமைப் பார்த்தார், சீட்டைப் படித்தார், காலி வாளியைக் கீழே வைத்தார்.

"நம்ம வீட்டுக்கு எத்தனை சாவி?" என்று கேட்டாள்.

"மூணு. ஒண்ணு உன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட."

"மூணாவது?"

அவர் யோசித்தார். "இங்கதான் எங்கேயாவது இருக்கும்."

இரண்டு பேரும் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார்கள். பழைய பஸ் பாஸ்கள் இருந்தன, கண்ணாடிக் கூடுகள் இருந்தன, சாவி இல்லை. அவள் அவர் பக்கம் திரும்பாமல், மத்தியானத்துக்கு என்ன சமைப்பது, துணி காய்ந்துவிட்டதா, பால்காரருக்கு என்ன சொன்னீர்கள் என்று எதை எதையோ பேசினாள். சரியாக இருபது நிமிடம் ஆனதும், "மூணாவது சாவி எங்க?" என்றாள்.

"தெரியலம்மா" என்றார் அவர். "சத்தியமாத் தெரியல."

சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கதவில் சாய்த்துப் போட்டார். அதில் உட்கார்ந்து, கதவு ஆடினால் தெரிகிற மாதிரி முதுகை நன்றாகப் பதித்துக்கொண்டார்.

"நீ போய்ச் சமையலைப் பாரு" என்றார்.